துரோகியின் முகம்

எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தை நான் முதலில் பார்த்தது 1968-இல், கண்டியில். தேய்ந்து கோடு விழுந்த பழைய பிரதி. என்னை அழைத்துச் சென்றவர் என் தந்தையார். கெலிஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் அவருக்கு வேலை. ரோலரின் ஓசையைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

படத்தில் பாட்டில்லை, நடனமில்லை, சண்டையுமில்லை. “பாட்டு எப்ப வரும்?” என்று பின்வரிசையில் ஒருவர் இடைவேளைவரை கேட்டுக்கொண்டேயிருந்தார். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசுகின்றனர். மறுநாள் காலை ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுக்காரர், ஆசைநாயகி என ஒவ்வொருவரும் துப்பறிவாளரிடம் ஒரு கதை கூறுகின்றனர். ஒவ்வொரு கதையிலும் கொலையாளி வேறு. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ நினைவுக்கு வரும். மாருதிராவின் ஒளிப்பதிவில் நிழலும் ஒரு சாட்சியாக நிற்கிறது.

ஆனால் படத்தின் உயிர், யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்ததில் இருக்கிறது. ராஜனாக முதலில் நடித்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த என். விசுவநாதன் என்ற புதியவர் என்றும், எடுத்தவரை பார்த்துத் திருப்தியடையாத மெய்யப்பச் செட்டியார் அவரை மாற்றிச் சிவாஜி கணேசனைப் போட்டார் என்றும் கூறுவர். (அதே விசுவநாதன் 1962-இல் சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார். ஆகவே குறை நடிப்பில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.) அறியாத முகமொன்று நாட்டைக் காட்டிக்கொடுத்தால் நாம் எளிதில் வெறுத்துவிட்டு வீடு திரும்பலாம். இங்கேயோ, 1952-இல் ‘பராசக்தி’யில் அநீதிக்கு எதிராக முழங்கிய அதே குரல் பகைவனுக்கு உளவு சொல்கிறது. அப்படத்தில் அவருக்கு இணையாக வந்த பண்டரிபாயே இங்கே மனைவி உஷா. அவள் கையாலேயே ராஜன் மாள்கிறான். தன் அறிவுக்கு இங்கே மதிப்பில்லை என்று அவன் குமுறும்போது கொட்டகையே அவன் பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன்.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கடக்கையில் தந்தையார் வெளியே கைகாட்டினார். 1944-இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் அங்கே இருந்தபோது, வரிசையாகச் சென்ற இராணுவ லொறிகளை இளைஞராக நின்று பார்த்தவர் அவர். “ராஜன் கேட்டதில் என்னப்பா தப்பு?” என்றேன்.

“வேல தரலேன்னா கோவப்படு, தம்பி. சண்ட போடு. அதுக்காக ஊர் மேல குண்டு போடச் சொல்லுவியா?”

அப்படிச் சொன்னவருக்குச் சொந்தமென்று ஒரு நாடு இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத்திலேயே பிறந்த அவரை நாடற்றவராக்கியது. பின்னர் அனுப்பிய விண்ணப்பமும் தள்ளுபடியாயிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிந்தது. மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்ப்பதாக விடப்பட்டது. தந்தையார் எந்தக் கணக்கில் அடங்கினார் என்று அன்று எங்களுக்கே தெரியாது. “இந்த மண்ணில் பற்றில்லாதவர்கள்” என்ற ஏச்சு மட்டும் எங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது.

அண்மையில் கெலிஓயா வீட்டில், என்னிடம் படிக்கும் இரு மாணவர்களுடன் கணினியில் அப்படத்தை மீண்டும் பார்த்தேன். அன்று தோன்றாத குறையொன்று இன்று உறுத்துகிறது. 1943-இல் காந்தியும் நேருவும் சிறையில்; ஆண்டவன் வெள்ளையன். ஜப்பானியப் பாசிசத்தை எதிர்த்தே ஆகவேண்டும், ஐயமில்லை. ஆயினும் ராஜனின் அறிவை மதியாத அரசு யாருடைய அரசு என்று படம் ஓரிடத்திலும் நின்று கேட்கவில்லை. உஷாவின் தேசபக்திக்குள் வெள்ளையன் ஓசையின்றி ஒளிந்துகொள்கிறான்.

ராஜன் குமுறும் இடம் வந்ததும் மாணவரில் ஒருவன், “சேர், இவர் சொல்றது சரிதானே?” என்றான். படத்தை நிறுத்திவிட்டு, இயந்திர அறையில் வேலை பார்த்த ஒரு மனிதரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன்.