கடல் நின்ற இடம்

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்புறம், கடற்கரையைப் பார்த்தபடி, உயரமாக ஒரு கம்பம் நிற்கிறது. பார்ப்பதற்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் கதை பெரிய கதை. புனித தோமையார் அந்த இடத்தில் ஒரு கம்பத்தை நாட்டி, "இதைத் தாண்டிக் கடல் வராது" என்று சொன்னாராம். கரையோரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் நம்பிக்கை இது. இதற்கு அண்ணன் முறையான இன்னொரு கதையும் உண்டு. ராஜாவின் யானைகளெல்லாம் சேர்ந்து இழுத்தும் அசையாத பெரிய மரம் ஒன்றைத் தோமையார் தம் இடைக்கச்சையால் கட்டி இழுத்து வந்து கோயில் கட்டினார் என்பார்கள். சரித்திரக்காரர்கள் இதற்கெல்லாம் சாட்சி கேட்பார்கள். கேட்கட்டும், அது அவர்கள் தொழில்.

மயிலாப்பூர் என்றால் கபாலீசுவரர் கோயிலும் அறுபத்துமூவர் உற்சவமும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள், கச்சேரி ரோடு வழியாகக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறான்: தோமையார் உயிர் விட்ட இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப் போய், தண்ணீரில் கரைத்து முறைக்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அந்த இடத்துக்கு யாத்திரை வந்தார்களாம். பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் கல்லறை மேல் கோயில் எழுப்பினார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல் முடிந்தது. லஸ்ஸில் இருக்கும் காட்டுக் கோயிலும் இப்படி ஒரு நன்றிக் கடன்தான். வழி தப்பிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டார்கள். அதைப் பின்பற்றி வந்தார்கள். ஒளி மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். 1516 என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. 'லஸ்' என்ற பெயரே போர்த்துக்கீசிய மொழியில் வெளிச்சம் என்பதுதான். இன்று 'லஸ் கார்னர்' என்று பஸ் கண்டக்டர் குரல் கொடுக்கும்போது யாருக்கு அந்த வெளிச்சம் நினைவுக்கு வருகிறது?

நான் சொல்ல வந்தது 2004 டிசம்பர் 26-ம் தேதியைப் பற்றி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்கு ஜனங்கள் போய்வரும் நேரத்தில் கடல் எழுந்து வந்தது. கரையோரக் குப்பங்களிலிருந்து ஓடி வந்தவர்கள் சாந்தோம் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. அன்று மாலையே கம்பத்தின் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அதுவரை அந்தக் கம்பத்தை ஏறிட்டும் பார்க்காதவர்கள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்கள்.

என் நண்பர் ஒருவர், இன்ஜினீயர், இதைக் கேட்டுச் சிரித்தார். "கோயில் இருக்கும் இடம் மேடு ஐயா. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். இதில் கம்பத்துக்கு என்ன வேலை?" என்றார். அவர் சொன்னது நியாயமாகவே இருக்கலாம். இருந்தாலும், மேட்டில் கோயில் கட்ட வேண்டும் என்று தோன்றியதே, அது மட்டும் யார் கொடுத்த புத்தி என்று பக்தர் ஒருவர் திருப்பிக் கேட்டால் இன்ஜினீயரிடம் பதில் கிடையாது. இந்த வழக்கை இப்படியே எத்தனை காலம் வேண்டுமானாலும் நடத்தலாம். வக்கீல்களுக்குத்தான் லாபம்.

என்னை உறுத்தியது வேறு. கோயிலிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் அரை மணியில் சீனிவாசபுரம் வந்துவிடும், அடையாற்று முகத்துவாரத்தின் அருகே. அங்கே அதே கடல் அதே காலையில் வீடுகளை வாரிக் கொண்டு போயிற்று. உயிர்களையும் கொண்டு போயிற்று. இன்னும் தெற்கே வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸுக்காக வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்றவர்கள் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் செத்தவர்கள் 6,000-க்கும் மேல். "ஆண்டவருடைய வல்லமை ஒருநாளும் தவறாது" என்று சாந்தோமில் சொல்கிற வாய், சீனிவாசபுரத்தில் போய் என்ன சொல்லும்? கம்பத்தின் கதையை நம்புகிறவர் யாராயிருந்தாலும் இந்த அரை மணி நடையை நடந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பைபிளில் இதற்குச் சமாதானம் உண்டா என்று கிறிஸ்தவ நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. லூக்கா சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள் என்றார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்த விஷயம் அதில் வருகிறது. செத்தவர்கள் எருசலேமில் உள்ள மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று தாமே சொல்கிறார். அவர்கள் ஏன் செத்தார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்தது. பிழைத்தவன் தன் புண்ணியத்தால் பிழைத்தான் என்று மார்தட்டிக் கொள்ள அதில் இடமில்லை.

சாந்தோமில் அடக்கமாகியிருக்கிறவரும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் அல்ல. பன்னிரு சீடர்களில் அவர்தான் சந்தேகக்காரர். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். அவர் கல்லறை மேல் நின்றுகொண்டு கேள்வி கேட்டால் தெய்வக் குற்றம் ஆகாது என்று வைத்துக் கொள்ளலாம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மாள் ஒருத்தி உண்டு. சீனிவாசபுரத்துக்காரி. சுனாமியில் வீட்டுச் சாமானெல்லாம் போயிற்று. அக்காள் மகன், எட்டு வயதுப் பையன், அவனும் போனான். அடுத்த வருஷம் ஆகஸ்டு 29-ல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறியபோது, மஞ்சள் புடவையும் கையில் மெழுகுவர்த்தியுமாக அவள் போவதைப் பார்த்தேன். செப்டம்பர் 8 திருவிழா முடிந்து மறுபடி கூடையோடு வந்தபோது, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உனக்கு மாதா மேலே கோபமே வரலையா?"

"வராம இருக்குமா சார்? படத்தைத் திருப்பி வெச்சிட்டேன், மூஞ்சி செவுத்தைப் பாக்கற மாதிரி. நாலு மாசம் அப்படியேதான் கெடந்துச்சு. சாமியார் வந்து சொன்னாரு, எங்க மாமியா சொன்னாங்க, நான் கேக்கலே."

"அப்புறம்?"

அவள் வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக் கொண்டே சொன்னாள்: "அக்கா ராவெல்லாம் அழுவும். அது அழுவச் சொல்லோ நான் யாரைப் போய்த் திட்டறது? கடலைத் திட்டினா காலைல எங்க ஊட்டுக்காரு அதுலதான் போவணும். கவர்மென்டைத் திட்டலாம், அது காதுல உழுமா? திட்டறதுக்காவது ஒரு ஆளு வேணுமேன்னு படத்தைத் திருப்பினேன். ஒரு நாளு பூரா திட்டினேன் சார். மாதா பாத்துக்கினே இருந்துச்சு."

"பதில் சொல்லிச்சா?"

"இன்னா சார், கதை எழுதறவரு இப்படிக் கேக்கறீங்க! சொல்லலே. ஆனா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன். அக்காளும் தூங்கிச்சு."

"இனிமே கடல் வராதுன்னு நம்புறியா?"

"வரும் சார். கடலுன்னா வரத்தான் செய்யும். அது வரச் சொல்லோ நான் தனியா இருக்கக் கூடாது, அவ்ளோதான்." மீனைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள். சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பிறகு, "கூடைக்கு ஒரு கை குடுங்க சார்" என்றாள். தூக்கி விட்டேன். தலையில் சரிபார்த்து வைத்துக் கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் நின்று "மீனேய்" என்று குரல் கொடுத்தாள்.