கணக்குப் பையன் வாங்கிய கெமிஸ்ட்ரி நோபல்



தங்கை பேரன் கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறானாம். "சோதனைக் குழாயையே தொடாம அது என்னடா கெமிஸ்ட்ரி?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் அப்பா கேட்க, "மாமா சொல்லட்டும்" என்று எல்லாரும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் ஜான் போப்பிள். 1925ல் இங்கிலாந்தில், சோமர்செட் பக்கம் ஒரு கடலோர ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆண்கள் துணிக்கடை. பையன் சைக்கிள், ரயில், நடை என்று தினமும் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிக்குப் போய் வந்தான்.

பன்னிரண்டு வயதில் கணக்குப் பைத்தியம் பிடித்தது. குப்பைக் கூடையில் யாரோ வீசிய கால்குலஸ் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தான். கிரிக்கெட் அணியின் பதினொரு பேரை எத்தனை வரிசையில் பேட்டிங் இறக்கலாம் என்று யோசித்து, தானே சூத்திரம் கண்டுபிடித்தான். (3 கோடியே 99 லட்சத்து 16 ஆயிரத்து 800. சந்தேகமிருந்தால் போட்டுப் பாருங்கள்.) அது ஏற்கெனவே பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் நொந்துபோனான், பாவம்.

இதையெல்லாம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சிக் கணக்குகளில் வேண்டுமென்றே தப்புப் போட்டு வைத்தான். இப்படியே சுமார் மூன்று வருஷம்!

முப்பத்து மூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன், இந்தப் பிள்ளைகள் நம்மூரிலும் உண்டு. 'படிப்ஸ்' என்று பட்டப்பெயர் வந்துவிடுமே என்று விடை தெரிந்தும் கை தூக்காத பையன்கள். அண்ணனைவிட மார்க் கூட வாங்கினால் வீட்டில் சங்கடம் என்று நினைக்கும் தங்கைகள். இதைப் படிக்கிற உங்களில் ஒன்றிரண்டு பேர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போப்பிளின் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். வழக்கத்துக்கு மாறாக ரொம்பக் கஷ்டமான ஒரு தேர்வு வைத்தார். பையனால் அடக்க முடியவில்லை. அத்தனையும் சரி, அதிலும் பல கணக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். தலைமையாசிரியர் பெற்றோரையும் பையனையும் வரவழைத்தார். கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்வது என்று முடிவானது. வாத்தியார் சுலபமான தாள் கொடுத்திருந்தால், அவன் அதிலும் ரெண்டு தப்பு சேர்த்துக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போயிருப்பான்!

1943ல் கேம்பிரிட்ஜ். பட்டமும் கணக்கு, 1951ல் வாங்கிய டாக்டர் பட்டமும் கணக்கு. பியானோ கற்றுக்கொள்ளப் போய், சொல்லிக்கொடுத்த டீச்சரையே கல்யாணம் செய்துகொண்டார் (இது உபரித் தகவல்).

இனி கெமிஸ்ட்ரி. ஒரு மூலக்கூறின் வடிவம், ஆற்றல் எல்லாமே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் அதைக் கையால் சுத்தமாகத் தீர்க்க முடியும். எலக்ட்ரான்கள் கூடக்கூட, தோராயம்தான் வழி. ஆர்பிட்டாலின் உண்மையான வடிவத்தை வைத்துத் தொகையீடு போட்டால் கணக்கு முடியவே முடியாது. அதற்குப் பதில் மணி வடிவக் காஸ் வளைவுகளைப் போடலாம் என்று கேம்பிரிட்ஜில் பாய்ஸ் என்பவர் 1950ல் சொன்னார். ரெண்டு மணியைப் பெருக்கினால் இன்னொரு மணிதான் வரும், கணக்கு சட்டென்று சுருங்கிவிடும். மூன்று மணிகளைச் சேர்த்து ஒரு ஆர்பிட்டால் போல நடிக்க வைத்தது போப்பிள் குழு.

1964ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் போனார். 1970ல் அவர் குழு 'காஸியன் 70' என்ற புரோகிராமை மற்றவர்களும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அவருடைய பெரிய காரியம் இதுதான் என்பது என் கட்சி. சமன்பாடு தெரிந்தவர்களின் சொத்தாக இருந்தது, ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர் கைக்கும் வந்தது.

பிளஸ் டூ பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? முதலில் தெரிந்த உப்பைக் கொடுத்துச் செய்யச் சொல்வோம். அது சரியாக வந்தால்தான் தெரியாத உப்பு. போப்பிளும் அதையே வலியுறுத்தினார். முறையை முதலில் முடிவு செய், ஆளுக்குத் தக்கபடி மாற்றாதே. சோதனையில் அளந்து வைத்த மூலக்கூறுகளில் அது எவ்வளவு தப்புகிறது என்று பார். பிறகு யாரும் அளக்காததைக் கணக்கிடு. ஆக, சோதனைக் குழாய் எங்கேயும் போகவில்லை மாப்பிள்ளை, விடைத்தாள் திருத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

1998ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பகிர்ந்துகொண்ட வால்டர் கோன் இயற்பியல்காரர். அந்த வருஷம் இருவரிடமும் கெமிஸ்ட்ரி பட்டம் இல்லை!

ஆசிரியர்களாகிவிட்ட என் பிள்ளைகளே, அடுத்த தேர்வில் பாடத்துக்கு வெளியே ஒரே ஒரு கஷ்டமான கேள்வி வையுங்கள். மார்க் வேண்டாம், விருப்பமுள்ளவர்கள் எழுதட்டும். எந்த பெஞ்சிலிருந்து விடை வந்தது என்று இங்கே கமெண்டில் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.