ஐந்து வாட்

வால்வு ஆம்ப்ளிஃபையர் பாட்டை உள்ளது உள்ளபடி தருவதில்லை; தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துத்தான் தருகிறது. என் வீட்டிலேயே இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் அதைவிடத் துல்லியமானது. இது தெரிந்தும் வீணையோ தனிக்குரலோ கேட்க உட்கார்ந்தால் என் கை வால்வு செட்டுக்குத்தான் போகிறது. இதை வெளியில் சொல்ல நெடுநாள் கூச்சமாக இருந்தது. காரணம் புரிந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

என்னுடையது ஒரு பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றிய சேசிஸ். ஒலியை வெளியே தள்ள ஒரே ஒரு இஎல்84, அதாவது 1950-களில் ஃபிலிப்ஸ் கொண்டுவந்த வால்வு. ஐந்து வாட்டுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. இப்படி ஒற்றை வால்வில் ஓடும் சுற்றில், குறைந்த ஒலியளவில் பெரும்பாலும் சேர்வது இரண்டாம் ஹார்மோனிக். 220 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் உள்ளே போனால், கூடவே மெலிதாக 440 ஹெர்ட்ஸும் வெளியே வரும். அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி! ஷட்ஜத்தோடு தார ஷட்ஜம் சேர்ந்தால் யாருக்குக் கசக்கும்? மூன்றாம் ஹார்மோனிக் தார ஸ்தாயிப் பஞ்சமம். தம்புராவின் ஒற்றைத் தந்தியை மீட்டினாலே இவையெல்லாம் கேட்கும். கர்நாடக சங்கீதத்தில் பழகிய காது இந்தச் சேர்க்கையைக் குறையாக எண்ணாததற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் பல வாத்தியங்கள் ஒன்றாக ஒலித்தால் கதை மாறுகிறது. இரண்டு சுரங்கள் சேர்ந்து போகும்போது, அவற்றின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் புதிய அதிர்வெண்கள் முளைக்கும். அவை ராகத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அதனால் இளையராஜாவின் வயலின் கூட்டமும் பேஸ் கிடாரும் என் செட்டில் குழம்பிவிடுகின்றன. மிருதங்கத்தின் தொப்பியும் சற்றுத் தளர்ந்தே கேட்கிறது. அவற்றுக்கு டிரான்சிஸ்டர்தான்.

பழசு என்பதற்காக எதையும் மாற்றக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "வால்வக் குத்தம் சொல்லாதீங்க தம்பி, கண்டென்சரப் பாருங்க" என்றார் செட்டைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் பெரியவர். வால்வுகளுக்கு நடுவே இருக்கும் கண்டென்சர் கசிந்தால், அடுத்த வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, மின்னோட்டம் மிகுந்து, தகடு சிவக்கச் சிவக்கக் காய்ந்துவிடும். பவர் சப்ளை கண்டென்சர் வற்றினால் ஹம் வரும். இவற்றை மாற்றியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருநூறு, முந்நூறு வோல்ட் உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால், அனுபவமில்லாதவர்கள் சேசிஸைத் திறக்கவே வேண்டாம்.

இந்த ஐந்து வாட் எனக்குச் சத்தத்தைக் குறைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. இப்போதெல்லாம் வால்யூமைத் திருகுவதற்கு முன் ஃபேனை நிறுத்துகிறேன். சென்னை மே மாதத்தில், வால்வுகளின் சூட்டுக்குப் பக்கத்தில் அது பெரிய விலைதான், கொடுக்கிறேன்.

இப்படி ஒன்றை வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு 92 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்றால் வீட்டு அறைக்கு ஐந்து வாட் தாராளம். 84 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு ஆறு மடங்குக்கும் மேல் வாட் கேட்கும்.