வெள்ளி பார்க்க வந்தவர்

ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போது எனக்கு விழி பிதுங்குவது பட்ஜெட்டில் அல்ல. 'எதிர்பார்க்கும் பலன்கள்' என்ற கட்டத்தில். மூன்று வருஷம் கழித்து என்ன கண்டுபிடிப்பேன் என்று இன்றைக்கே எழுதித் தர வேண்டும். ஜோசியர்கூட தட்சிணை வாங்கிய பிறகுதான் வாய் திறப்பார்.

புதுச்சேரி காலாப்பட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் லெ ழான்தீயின் ஞாபகம் வரும். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் ஆள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1760இல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள், 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்த ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று வெள்ளியைப் பார்த்தார். அளவு எடுக்க வழியில்லை.

அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை. 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டி, சென்னை ஆங்கிலேயர் அனுப்பிய தொலைநோக்கியோடு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடியது. எல்லாம் முடிந்தபின் வெயில் சுள்ளென்று அடித்தது. 1771இல் பிரான்சுக்குப் போனால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்க வாரிசுகள் தயார். கழகத்தில் அவர் நாற்காலியில் வேறொருவர். இந்த ப்ராஜெக்டுக்கு எவர் யூ.சி. (பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடுப்பார்?

ஆனால் சும்மா இருந்த நாட்களில் அவர் ஒரு காரியம் செய்தார். கிரகணக் கணக்குத் தெரிந்த தமிழர் ஒருவரிடம் பாடம் கேட்டார். பேனா இல்லை, காகிதம் இல்லை. மனப்பாடமான வாக்கியங்கள், நகர்த்துவதற்குச் சோழிகள், அவ்வளவுதான். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அந்தத் தமிழர் முறையில் போட்ட கணக்கில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பா மெச்சிய வானியலாளர் மாயரின் அட்டவணையில் 68 விநாடி கூடியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரனும் இங்கே சோழிக் கணக்கைப் பார்த்து, 1825இல் வெளிவந்த 'கால சங்கலித'த்தில் எழுதிவைத்தார். தமிழ் வானியல் பற்றி இன்று எழுதுபவர்களுக்கு இவர்கள் இருவரையும் விட்டால் கதி இல்லை.

ஆராய்ச்சி நிதியில் கன்டிஜென்சி தலைப்பில் டோனருக்கும் கூரியருக்கும் பணம் தருகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதாத ஒன்றைத் துரத்திப் பார்க்கவும் சின்னதாக ஒரு தொகை ஒதுக்கினால் கஜானா காலியாகிவிடாது. தணிக்கையில் கேள்வி வந்தால் லெ ழான்தீயின் கதையைச் சொல்லிக்கொள்ளலாம். தணிக்கை அதிகாரி முழுக்கக் கேட்டுவிட்டு, பதினோரு வருஷத்துக்கும் பயணப்படி ரசீது எங்கே என்பார்.