அளந்தாச்சா தம்பி?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க கையில 60 வயசு ரேஸ் காரோட இன்ஜினைக் குடுத்து, 'பிஸ்டன், கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர்... எதை வேணும்னாலும் மாத்திக்கோ'ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்ணுவீங்க?

'இருக்கறதுலயே பெஸ்ட் எதுவோ, அதை வாங்கி மாட்டுவேன்'னுதானே சொல்றீங்க? கை குடுங்க பாஸ்! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நானும் அதையேதான் சொன்னேன். செமஸ்டர் லீவுல கோயம்புத்தூர் பட்டறை ஒண்ணுல நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதைதான் இது.

அங்கே நின்னது 1960-கள்ல வந்த ஒரு ஃபியட் 1100. 2023 வரைக்கும் மும்பையில கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடுச்சே பிரீமியர் பத்மினி... அதுக்கு அக்கா. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல கார் ரேஸ் நடந்த நாட்கள்ல பறந்த வண்டி. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு சோழவரம் அடங்கிப்போச்சு. இந்த வண்டியும் ஷெட்டுக்குள்ள தூங்கிடுச்சு. ஓட்டினவர் இப்போ உயிரோட இல்லை. 'அப்பா வண்டியை ஒரே ஒரு தடவை டிராக்ல ஓட்டிப் பார்க்கணும்'னு மகன் கொண்டுவந்து விட்டிருந்தார்.

பட்டறைக்காரருக்கு 70 வயசுக்கு மேல. எல்லாருக்கும் அவர் 'ஐயா'. முதல் நாளே நான் ஒரு லிஸ்ட் நீட்டினேன். ரெண்டு வெபர் கார்புரேட்டர், அதிக லிஃப்ட் உள்ள ரேஸ் கேம், கம்ப்ரஷன் 11, வேகம் 7,500 ஆர்.பி.எம்!

ஐயா சிரிக்கலை. "இதுல கிராங்க் எத்தனை பேரிங்ல நிக்குது கண்ணு?"

"மூணுங்க ஐயா."

"அப்ப உன் லிஸ்ட்டை அதுகிட்ட காட்டிட்டு வா."

ரூமுக்குப் போய் கணக்குப் போட்டேன். இந்த இன்ஜின் 1,089 சி.சி. சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 75. கம்பெனியிலிருந்து வந்தப்போ சுமார் 40 குதிரைத்திறன். 4,800 ஆர்.பி.எம்-ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். 7,500-க்குப் போனா அது 18.75 மீட்டர் ஆகுது. அதுகூடப் பரவாயில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது கனெக்டிங் ராடைப் பிடிச்சு இழுக்குதே, அந்த விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு! அவ்வளவும் போய் விழறது அந்த மூணு பேரிங் மேல.

மறுநாள் 7,500-ஐ நானே அடிச்சு 6,000-னு எழுதினேன். வெபரையும் அடிச்சாச்சு. பழைய ரேஸ் கார்களுக்கு எஃப்.ஐ.ஏ. வெச்சிருக்கற 'அப்பெண்டிக்ஸ் கே' விதிப்படி, வண்டி அதோட காலத்துல ஓடின அமைப்புலதான் இருக்கணும். இந்த வண்டி சோழவரத்துல ஓடினது ஒத்தை சோலெக்ஸ் கார்புரேட்டர்ல. அதுவே இருக்கட்டும்னு ஓனரும் சொல்லிட்டார்.

ஐயா முதல்ல காசு செலவு பண்ணச் சொன்ன அயிட்டங்களைக் கேட்டா உங்களுக்குக் கொட்டாவி வரும். கனெக்டிங் ராடுக்குப் புது போல்ட். வால்வு உட்கார்ற இடத்துக்குக் கெட்டியான சீட். ஏன்னா, அந்தக் காலத்துப் பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு. அது வால்வு சீட்டைத் தேயாம காப்பாத்துச்சு. 2000-லயே நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தாச்சு. இப்போ அதுல 20 சதவீதம் எத்தனால் வேற. எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும். அதனால பெட்ரோல் பம்ப்போட டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் புதுசு. அதே அளவு காத்துக்குப் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலா வேணும். அதனால கார்புரேட்டர் ஜெட் ஒரு சைஸ் பெருசு.

கம்ப்ரஷன் 7.3-ல இருந்து 8.5 போதும்னு முடிவாச்சு. அப்படின்னா பிஸ்டன் உச்சியில இருக்கும்போது மிச்சமிருக்கற இடம் 43 சி.சி-யில இருந்து 36 சி.சி-க்குக் குறையணும். வித்தியாசம் வெறும் 7 சி.சி. ஒன்றரை டீஸ்பூன்! அலுமினிய ஹெட்டை லேத் பட்டறையில குடுத்துச் சீவினோம். கேம்ஷாஃப்ட்டை மட்டும் நான் விடலை. கெஞ்சிக் கெஞ்சி, நடுத்தரமான ஒரு ரேஸ் கேமுக்குச் சம்மதம் வாங்கிட்டேன்.

இங்கேதான் வில்லன் என்ட்ரி. வில்லன் யாருன்னு கேக்கறீங்களா? நான்தான்!

எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிஞ்சு பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ரெண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும். ரேஸ் கேம்ல இன்னும் அதிகமா, இன்னும் அதிக நேரம் திறந்திருக்கும். ஹெட்டைச் சீவினதுல வால்வு ஏற்கெனவே பிஸ்டனுக்குக் கிட்ட வந்திருக்கு. நடுவுல இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டராவது இடைவெளி வேணும். பேப்பர்ல போட்டப்போ எனக்குச் சரியா வந்துச்சு.

"அளந்தாச்சா தம்பி?"

"அளந்தாச்சுங்க ஐயா."

பொய்! கணக்குதான் போட்டிருந்தேன், அளக்கலை. எப்படி அவ்வளவு சாதாரணமா வந்துச்சு அந்தப் பொய்? உங்களுக்குத் தெரியாதா என்ன... லேப்ல ரெண்டு ரீடிங் எடுத்துட்டு, மிச்ச எட்டையும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதற கோஷ்டிதானே நாம? மூணு வருஷப் பழக்கம். வாய் தானா சொல்லிடுச்சு.

ஐயா ஒண்ணும் சொல்லலை. சின்னப் பசங்க விளையாடற களிமண்ணை எடுத்து, முதல் பிஸ்டன் தலையில அப்பினார். ஹெட்டை மாட்டி, கேம் டைமிங் வெச்சு, இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்தினார். திரும்ப ஹெட்டைக் கழட்டினார். களிமண்ல வால்வோட வட்டம் அழகா பதிஞ்சிருந்துச்சு. பிளேடால குறுக்கே வெட்டி, வெர்னியரை என் கையில குடுத்தார்.

"இப்ப அள."

0.9 மில்லிமீட்டர். கையால சுத்தும்போதே இவ்வளவுதான். 6,000-ல கனெக்டிங் ராடு லேசா நீளும், வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் தடுமாறும். வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிருக்கும். அந்த ஹெட் போயிருந்தா வேற ஹெட்டுக்கு எங்கே போறது? அது ஒருத்தரோட அப்பா ஓட்டின வண்டி பாஸ்.

ஐயா திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். "கணக்குத் தப்புறது தப்பில்ல கண்ணு. அளக்காம அளந்தேன்னு சொன்ன பாரு..."ன்னு பாதியிலயே நிறுத்திட்டுக் கை கழுவப் போயிட்டார். அன்னிக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கலை.

அப்புறம் பிஸ்டன் தலையில வால்வுக்குக் குழி வெட்டினோம். குழியால 1 சி.சி. இடம் கூடுச்சு, கம்ப்ரஷன் 8.3-க்கு இறங்குச்சு. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு நகருது. பெஸ்ட் பிஸ்டன், பெஸ்ட் கேம்னு தனியா ஒண்ணும் கிடையாது. பக்கத்துல இருக்கறதோட ஒத்துப்போனா அதுதான் பெஸ்ட். இந்தத் தடவை நாலு சிலிண்டருக்கும் களிமண் வெச்சு நானே அளந்தேன். எட்டு வால்வு, எட்டு ரீடிங். எல்லாமே சொந்த ரீடிங்!

ரெண்டு வாரம் கழிச்சு இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. முதல்ல இருமுச்சு, தும்முச்சு, அப்புறம் சீரா பாட ஆரம்பிச்சுது. ஓனர் பானெட் மேல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னார். ஐயா என் பக்கம் திரும்பி, "டீ சொல்லு தம்பி"ன்னார். எனக்கு அது யுனிவர்சிட்டி ரேங்க் மாதிரி!

காலேஜ் திறந்தாச்சு. போன வாரம் லேப்ல பக்கத்து பெஞ்ச் நண்பன், சீனியர் ரெக்கார்டை என் பக்கம் தள்ளினான். திரும்ப அவன் பக்கமே தள்ளிட்டேன். அன்னிக்கு என் கிராஃப் கோணல்மாணலா வந்துச்சு. மார்க்கும் குறைஞ்சுது.

ஆனா, 'அளந்தாச்சா?'ன்னு யாராவது கேட்டா, இப்போ தலை நிமிர்ந்து சொல்வேன்.

நீங்க?