மனச்சோர்வும் மறதியும்

மறதி மக்கட்கு இயல்பே. கற்றதை மறத்தலும், வைத்த பொருளைத் தேடுதலும் யாவர்க்கும் உள்ளன. ஆயின் மனச்சோர்வு என்னும் நோயோடு கூடி வரும் மறதி இதனின் வேறாயது. யாம் அந்நோயால் ஏழு திங்கள் வருந்தியவராதலின், அதுபற்றி அறிந்த அளவிற் சில கூறத் துணிந்தோம்.

அந்நாட்களில் ஒரு பக்கத்தை நான்கு முறை படிப்போம். முடிவில் ஒன்றும் நில்லாது. மருந்தை விழுங்கினோமா இல்லையா என்பதும் ஐயமாகும். கண்டோர் சோம்பல் என்றனர். அன்பர்காள், அது சோம்பலன்று. கவலையே உள்ளத்தை நிரப்பி நிற்குங்கால், படிப்பது புகுதற்கு இடமேது? புகாத ஒன்று நினைவில் எங்ஙனம் நிற்கும்?

பிறிதொரு குறையும் உண்டு. 1986-ஆம் ஆண்டில் மார்க் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில உளநூலறிஞர், பிராட்பென்ட் என்பாரோடு கூடி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரை ஆராய்ந்தார். ஒரு சொல்லைக் கூறி, அது நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டபொழுது, அவர்கள் குறித்த ஒரு நாளைச் சுட்டாது பொதுப்பட விடையளித்தல் ஏனையோரினும் மிகுந்திருந்தது. மனச்சோர்வுற்றாரிடத்தும் இக்குறை உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. எமக்கும், 'முன்பு நன்றாயிருந்தோம்' என்பது தெரியும். எந்நாளில், எவரோடு என்பது தோன்றாது.

நிற்க. இந்நிலையிற் கைபேசிச் செயலிகள் செய்யும் உதவி யாது? எம் தமக்கையார் எம் கைபேசியின் நினைவூட்டற் செயலியில், காலை எட்டு மணிக்கு மருந்து எனக் குறித்துத் தந்தார். மணி ஒலிக்கும், உண்டதும் அடையாளமிடுவோம். அடையாளம் இருப்பின் மீண்டும் உண்ணோம். 'கட்டுரை எழுதுக' என்று குறித்தால் அஞ்சி ஒதுக்குவோம். 'நூலகஞ் சென்று நூலைப் பெறுக' என்று கூறுபடுத்திக் குறித்தால் எழுந்து செல்வோம். இரவில் நாட்குறிப்புச் செயலியில் அன்றைய நிகழ்ச்சி ஒன்றை, இடமும் நேரமும் உடனிருந்தாரும் விளங்க, ஒரு படத்தோடு எழுதி வைப்போம். சில திங்கள் கழித்துப் புரட்டியபொழுது, மழைநாளில் தமக்கையாரோடு உண்ட சூடான இட்டலி அங்கே இருந்தது. நன்னாள் ஒன்றும் இல்லை என்று மனம் கூறியது பொய்யென அப்பொழுது கண்டோம்.

எனினும் அளவு வேண்டும. நாளொன்றுக்கு இருபது மணிகள் ஒலிப்பின் செவி ஒன்றையும் கொள்ளாது. மூன்று நான்கே போதும். நம் அந்தரங்கத்தைச் செயலி எவர்க்கு அளிக்கின்றது என்பதையும் முன்னரே படித்தறிதல் நன்று. ஊன்றுகோல் நடக்க உதவும், காலைக் குணப்படுத்தாது. செயலியும் அத்தகையதே. மருத்துவரையே நாடுதல் வேண்டும். இந்திய அரசினர் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொண்டினை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மாணவ நண்பர்காள்! உடன் பயில்வான் ஒருவன் சொன்னதை மறந்து, வகுப்பிற்கும் வாராதிருப்பின், சோம்பனென்று இகழாது அவன் அறைக்குச் செல்லுங்கள். அவன் இசைந்தால், நாளைய வேலையொன்றை அவன் கைபேசியிற் குறித்துக் கொடுங்கள். எமக்கு ஒருவர் செய்த அவ்வுதவியே இதனை எழுதுமளவிற்கு எம்மைக் கொணர்ந்தது.