மீனுக்கும் டென்ஷன் உண்டு

கடையில் துள்ளி விளையாடிய மீன், வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் ஏன் செத்து மிதக்கிறது? புதிதாகத் தொட்டி வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி இது. உடனே கடைக்காரரைத் திட்டிவிட்டு, நீல மருந்து வாங்கி ஊற்றுவார்கள். மீன் விலையைவிட மருந்துச் செலவு அதிகமாகிவிடும்!

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் காரணம் சொல்லிவிடுவார்கள். வெயிலில் கோழி தளர்ந்தால் முட்டை குறையும், நோயும் வரும். அதனால்தான் கோடையில் கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். மீனுக்கும் அதே கதைதான்.

தமிழ்நாட்டில் வண்ணமீன் என்றாலே சென்னை கொளத்தூர் (மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் அல்ல!). அங்கிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். ஆக்ஸிஜன் அடைத்த பையில் குலுங்கியபடி வரவேண்டும். பிறகு கடைத் தொட்டி, மறுபடி வலை, மறுபடி பை... இந்த அலைச்சலில் மீனின் உடம்பில் கார்டிசால் ஏறுகிறது. அது நீடித்தால் எதிர்ப்பு சக்தி குறையும். வலை உரசி மேல்தோலின் வழவழப்பும் போய்விடும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு அது போதும். அந்த ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்துக்கு மசியாது, தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஒருநாள் மருந்து ஊற்றிவிட்டு நிறுத்துவது வீண்.

அடுத்தது தண்ணீர். மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். அது செவுளை அரிக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். போர் தண்ணியில் குளோரின் இல்லை, ஆனால் இந்தப் பக்கம் பல இடங்களில் உப்பு அதிகம். கப்பி, மோலி தாங்கும். அமேசான் மென்னீரில் பிறந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் பாவம்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் தண்ணீர் அமிலமாகியிருக்கும். அதனால் அங்குள்ள அம்மோனியா அவ்வளவாகக் கொல்லாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி அதே அம்மோனியா விஷமாகிறது. ஆகவே மூடிய பையைப் பதினைந்து இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் உள்ளே விடுவது நல்லது. பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடலாம்.

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும். முதல் நாள் விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். கண்ணாடியைத் தட்டும் வாண்டுகளைத்தான் சமாளிக்க வேண்டும் :-)